பிள்ளையைக் கணினி படிக்க வைக்கப் போகிறீர்களா?



ஒவ்வோராண்டும் மே மாதத்தில் ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், எங்கள் மதரஸாவின் திண்ணைக்குப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவர். கையில் மதிப்பெண் பட்டியல், முகத்தில் கலக்கம். "ஹஜ்ரத், பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாமா?" என்பதே பெரும்பாலும் அவர்களின் கேள்வியாக இருக்கும். நான் கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன். கணினி என் துறையன்று. ஆயினும் என்னிடம் ஓதிய பிள்ளைகளில் அத்துறைக்குச் சென்று தேறியவர்களையும் திணறியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் வந்தார். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையொன்றில் வேலை பார்ப்பவர். மகள் கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். தொலைவிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்டிருந்தார்கள். மனைவியின் நகையை விற்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதுவும் போதாது, மீதிக்குக் கடன் வாங்க வேண்டும்.

"வட்டிக்கு வாங்க மனம் ஒப்பவில்லை ஹஜ்ரத். வாங்காமல் இருக்கவும் வழி தெரியவில்லை" என்றார்.

"அரசு கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தீர்களா பாய்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று விட்டுவிட்டோம்" என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கணினி அறிவியல் என்பது யாது?

கணினியை இயக்கத் தெரிவதே கணினிக் கல்வி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. ஒரு சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்று ஐயத்திற்கு இடமின்றி வகுப்பதே அதன் உயிர்நாடி.

மதரஸாவில் நாங்கள் கற்பிக்கும் வாரிசுரிமைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்துவிட்டார். முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத்து, அதன் பின்னரே பங்கீடு. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை 24 கூறுகளாக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. வரிசை பிறழ்ந்தால் விடையும் பிறழ்ந்துவிடும். இவ்வாறு வரிசைப்படுத்திய வழிமுறையைக் கணினித் துறையினர் 'அல்காரிதம்' என்கின்றனர்.

அந்தச் சொல்லே நமக்கு அந்நியமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில், பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்ததிலிருந்து பிறந்ததே அது. 'அல்ஜிப்ரா' என்ற பெயரைத் தந்ததும் அவர் எழுதிய நூலே. அந்நூலின் ஒரு பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஃபியூஸ் கேரியர் சொல்லும் பாடம்

எங்கள் ஊர் களிமண்ணால் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கு உண்டு. ஒரு காலத்தில் வீடுதோறும் மின்பலகையில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தது. இன்று புது வீடுகளில் அந்த இடத்தை எம்.சி.பி. பிடித்துக்கொண்டது. ஒரே அச்சில் ஒரே பொருளை அழுத்தத் தெரிந்தவருக்கு அது பெரும் இடி. மண்ணின் இயல்பையும் சூளையின் வெப்பத்தையும் அறிந்தவரோ வேறொரு பொருளுக்கு மாறிக்கொள்ளலாம். பீங்கானின் தேவை உலகில் ஒழிந்துவிடவில்லை. உங்கள் கைப்பேசிக்குள்ளேயே மிகச் சிறிய பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

கணினித் துறையின் கதையும் இதுவே. கோபால் என்னும் கணினி மொழி 1959இல் உருவானது, சி 1972இல், ஜாவா 1995இல். ஒவ்வொன்றும் வந்தபோது, "இதை ஆறு மாதம் படித்தால் வேலை உறுதி" என்ற விளம்பரங்களைக் கண்டோம். 2001ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரிந்தபோது, கணினி படித்த இளைஞர்கள் பலர் இங்கே வேலையின்றி நின்றதையும் கண்டோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, நிரல் எழுதும் வேலையின் ஒரு பகுதியை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது.

அடித்தளப் பாடங்களோ நிலைத்து நிற்கின்றன. தரவுகளை அட்டவணைகளாகத் தொடர்புபடுத்தி வைக்கும் முறையை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை அந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆகவே கணிதம், தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றை ஆழக் கற்றவர், மொழி மாறினாலும் கலங்க வேண்டியதில்லை. இயந்திரம் எழுதித் தந்த நிரல் சரியா தவறா என்று தீர்ப்புக் கூறவும் அவரால்தான் இயலும்.

வாசல்கள் பல உண்டு

நிர்வாக ஒதுக்கீடு ஒன்றே வழி என்று எண்ணிவிடாதீர்கள். அரசு பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராவிட்டால், கலந்தாய்வு வழியே சேர்வோருக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010 முதல் வழங்கப்படுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் சட்டமாயிற்று. இவற்றுக்கெல்லாம் சான்றிதழ் வேண்டும். தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

பொறியியல் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டா. மூன்றாண்டு பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் பி.சி.ஏ.வும் உள்ளன, அதன்பின் எம்.சி.ஏ. இரண்டே ஆண்டு. பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எங்கள் ஊரில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அருகே சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைவுக்கு ஓடுமுன் அருகில் என்ன இருக்கிறதென்று விசாரியுங்கள்.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். "ஆய்வகம் வாரத்தில் எத்தனை மணி நேரம்? கணிதத்திற்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியே பேசுங்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள்: விடை வராத கணக்கை மூடி வைத்துவிடுகிறாயா, மறுநாளும் எடுத்துப் பார்க்கிறாயா? மறுநாளும் எடுப்பவருக்கே இத்துறை இனிக்கும். மற்றவருக்கு வணிகவியலோ சட்டமோ செவிலியமோ சிறந்ததாக அமையலாம். அண்டை வீட்டுப் பிள்ளை படிக்கிறான் என்பது ஒரு காரணமாகாது.

நகையும் படிப்பும்

படிப்புக்காக நகையைக் கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. டாக்டர் அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்வதற்காக அவருடைய தமக்கையார் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்ததை, அவரே தம் தன்வரலாற்றில் நன்றியுடன் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தகுதியால் முதலில் தேர்வு பெற்றார். நகை அதன் பிறகே கழன்றது. நாமோ தேர்வுக்கு முயலாமலே நகையைக் கழற்றுகிறோம். தம்பிக்காக அன்று ஓர் அக்கா நகை கொடுத்தார். இன்று ஒரு மகளுக்காகத் தாய் கொடுக்க முன்வருகிறாள். அந்தத் தியாகம் வீணாகாமல் காப்பது தகப்பனின் பொறுப்பல்லவா?

அந்தச் சூளைத் தொழிலாளி அன்றே சான்றிதழ்களுடன் இ-சேவை மையத்திற்குச் சென்றார். விண்ணப்பிக்க இன்னும் சில நாட்களே எஞ்சியிருந்தன. அவர் மகள் இன்று கலந்தாய்வு வழியே கிடைத்த இடத்தில் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருக்கிறாள். அது பெயர் பெற்ற கல்லூரியன்று. தரவுக் கட்டமைப்புப் பாடம் கடினமாக இருக்கிறதாம். ஒரு தாளை மறுமுறை எழுதித்தான் தேறினாளாம். தாயின் கழுத்தில் நகை இருக்கிறது. வீட்டில் வட்டிக் கடன் இல்லை.

வேலை கிடைக்குமா என்று இப்போது எவராலும் உறுதி கூற இயலாது. கற்றது அடித்தளமாக இருந்தால், காலம் மாறும்போது அவளும் மாறிக்கொள்வாள், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டில் இவ்வாண்டு ப்ளஸ் டூ எழுதும் பிள்ளை இருந்தால், இன்றே அமர்ந்து சான்றிதழ்களின் பட்டியலைத் தயாரியுங்கள்.