விண்வெளி நிலையத்துக்கு எர்த் கொடுப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கைப்பேசிப் பாகங்களை இணைப்பவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து செல்லும் கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். நடக்கும்போதும் உடை உராயும்போதும் உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. நாம் உணராத சிறு பொறிகூட நுண்சில்லைக் கெடுத்துவிடும். கம்பி அந்த மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்திவிடுகிறது. இதைத்தான் 'எர்த்' கொடுப்பது என்கிறோம்.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் மின்சாரம் சேர்கிறது. அதற்கு நிலம் ஏது?

அந்த உயரம் வெறும் சூனியம் அன்று. சூரியனின் புறஊதாக் கதிர்கள் அங்குள்ள அணுக்களில் ஒரு பகுதியை எலெக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரித்து வைத்துள்ளன. இக்கலவையே பிளாஸ்மா. 109 மீட்டர் அகலமுள்ள நிலையம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கிழித்துச் செல்கிறது. ஆக்சிஜன் அயனிகளின் வேகமோ நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஆகவே நிலையத்துக்குப் பின்னால் அயனிகள் உடனே வந்து நிரப்ப முடியாத ஒரு வெற்றிடம் தொடர்கிறது. பூமியின் காந்தப்புலத்தை வெட்டி ஓடுவதால், டைனமோவில் நடப்பதுபோல், சட்டத்தின் இரு முனைகளுக்கிடையே 20 வோல்ட்டுக்கு மேலும் உண்டாகலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை சூரியத் தகடுகளால் வருவது. அவை 160 வோல்ட்டில் இயங்குபவை. ஒரகடத்தில் தயாராகும் கார்களில் பேட்டரியின் எதிர்முனையை உடற்சட்டத்தோடு இணைப்பார்கள் அல்லவா? நிலையத்திலும் அப்படித்தான். தகடுகளின் நேர்முனைப் பகுதி, இலேசான எலெக்ட்ரான்களைச் சுலபமாக இழுத்துக்கொள்கிறது. கனமான அயனிகள் அதற்கு ஈடாக வந்து சேர்வதில்லை. விளைவு, நிலையத்தின் உடல் முழுவதும் எதிர் மின்னழுத்தத்துக்கு இறங்குகிறது. தொடக்கக் கணக்குகள் 140 வோல்ட் வரை காட்டின. பின்னர் அளந்தபோது அவ்வளவு இல்லை. ஆனாலும் அலட்சியம் செய்ய முடியாது. அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் பூச்சு பொறியால் துளைபடலாம். வெளியே வந்து வேலைசெய்யும் வீரரின் உடையிலுள்ள உலோகப் பாகங்கள் வழியே உடலுக்குள் மின்சாரம் பாயலாம்.

இதற்கான கருவி 2000 அக்டோபரில் மேலே சென்றது. அது செனான் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி வெளியே விடும். மிகுதியான எலெக்ட்ரான்கள் அந்த வாயுப் பாதை வழியே வெளியேறிவிடும். உண்மையில் இது வாயுவால் ஆன எர்த் கம்பிதான்! ஆனால் செனான் தீர்ந்துபோகக்கூடியது.

2035க்குள் தனக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்க இந்தியா திட்டமிட்டுள்ளது. தகடுகளை எத்தனை வோல்ட்டில் இயக்குவது, எந்த முனையை உடலோடு சேர்ப்பது என்ற கேள்விகளுக்கு அதன் பொறியாளர்களும் விடை காண வேண்டியிருக்கும்.