கொலு பூங்காவில் நின்ற பொம்மைச் சிப்பாய்கள்... பெரியவர்களின் மேசைக்கு வந்த கதை!

நவராத்திரி கொலுவில் படிகளைவிடக் குழந்தைகளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. படிகளுக்குக் கீழே, தரையில் அமைக்கும் பூங்கா! மண்ணைக் குவித்து ஒரு மலை, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், கேழ்வரகு தூவி முளைக்கவைத்த புல்வெளி, தீப்பெட்டியில் செய்த வீடு. அதற்குள் சிங்கம், மான், ரயில் வண்டி. ஓர் ஓரத்தில், துப்பாக்கியோடு மண்டியிட்டிருக்கும் பச்சை நிற பிளாஸ்டிக் சிப்பாய்கள். மலைமேல் நிற்கும் முருகனுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. அது அந்த வீட்டுப் பையனின் பங்களிப்பு.

விஜயதசமி முடிந்ததும் கொலு பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார் பாட்டி. அடுத்த வருடம் அவை பத்திரமாக இறங்கி வரும். சிப்பாய்களின் கதை வேறு. பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும், 'இன்னும் என்னடா பொம்மை?' என்ற ஒரே கேள்வியில் அவர்களின் ராணுவ சேவை முடிந்துவிடும். கொலு பொம்மையை எழுபது வயதிலும் எடுத்து அடுக்கலாம். சிப்பாய் பொம்மையை நாற்பது வயது ஆண் எடுத்தால் வீடே சிரிக்கும்!

ஆனால், அந்தச் சிப்பாய்களைக் கீழே வைக்காமலே வளர்ந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விரலளவு வீரர்களுக்குப் பொறுமையாக வண்ணம் பூசி, மேசைமேல் மலை, ஆறு, கிராமம் அமைத்து, பகடையும் அளவுகோலும் வைத்து, விதிகளின்படி போர் நடத்துவது இவர்களின் பொழுதுபோக்கு. இதற்கு 'மினியேச்சர் வார்கேமிங்' என்று பெயர். சிறுவர் விளையாட்டு எப்படிப் பெரியவர்களின் விளையாட்டானது? அந்தக் கதையில் நம் ஊர்ச் சதுரங்கம் வருகிறது, பீங்கான் வருகிறது, பரங்கிப்பேட்டை மணல்மேடும் வருகிறது.

களிமண் தெரிந்த ஊர்

விருத்தாசலத்திலும் அதை அடுத்த நல்லூர் பக்கத்துக் கிராமங்களிலும் பீங்கானைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் விருத்தாசலத்தில் இருக்கின்றன. அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை, அலங்காரப் பொம்மை என்று பலவும் இங்கே உருவாகின்றன. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போதே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது.

பொம்மை செய்யும் முறை பார்க்க எளிது. கூழ் பதத்தில் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி மண் படியும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டால் உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். காயவைத்து, பிசிறு நீக்கி, சூளையில் சுட்டு, பளபளப்புப் பூச்சு கொடுத்தால் வேலை முடிந்தது.

பிளாஸ்டர், பீங்கான்... இந்த இரண்டு பொருள்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய போர் விளையாட்டின் முன்னோடி பிறந்ததும் இந்த இரண்டிலும்தான்!

அரசருக்கு வந்த விநோத மேசை

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகைமேல் ஏற்றிய சதுரங்கம், சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஆடப்பட்டது. பாரசீகம், அரேபியா வழியே ஐரோப்பாவுக்குப் போய் 'செஸ்' ஆனது. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் போட்டிக்கு வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யைச் சின்னமாக வைத்தோமே, அந்தக் குதிரையின் பூர்விகம் இந்தப் படைதான்.

செஸ் பலகையில் ஒரு குறை உண்டு. எல்லாக் கட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். மலை கிடையாது, ஆறு கிடையாது. உண்மையான போரில் நிலம்தானே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது? அன்றைய பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1812-ல் அவர் தன் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு மேசையைப் பரிசளித்தார். மலையும் சாலையும் ஆறும் பிளாஸ்டர் துண்டுகளில் வடிக்கப்பட்டிருந்தன. எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். படைப்பிரிவுகளாகச் சின்னச் சின்னப் பீங்கான் கட்டைகள்!

1824-ல் அவருடைய மகன் அந்த விளையாட்டை ராணுவ வரைபடத்துக்கு ஏற்றபடி திருத்தினார். பகடை எறிந்து சேதத்தைக் கணக்கிட்டார்கள். நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். பிரஷ்ய ராணுவம் இதை அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. பிறகு மற்ற நாடுகளும் பின்பற்றின. இன்றும் நம் ராணுவத்தில் தரையில் மணலால் நிலப்பரப்பை அமைத்து, அதைச் சுற்றி நின்று திட்டம் தீட்டும் 'மணல் மாதிரி' பயிற்சி உண்டு.

இரண்டு சிறுவர்கள், இரண்டு பாதைகள்

1893-ல் லண்டனைச் சேர்ந்த 'பிரிட்டன்ஸ்' நிறுவனம், உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. சாதாரண வீட்டுச் சிறுவர்களின் கைக்கும் படைகள் வந்தன.

அதற்கு முன்பே, வசதியான வீட்டுச் சிறுவன் ஒருவனிடம் சுமார் 1,500 சிப்பாய்கள் இருந்தார்கள். அவன் அவர்களைத் தரையில் அணிவகுத்து வைத்திருந்த அழகை ஒரு நாள் அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு, 'ராணுவத்தில் சேர விருப்பமா?' என்று கேட்டார். பையன் உடனே தலையாட்டினான். தன் திறமையை அப்பா கண்டுகொண்டார் என்று மகிழ்ந்தான். வக்கீல் படிப்புக்கு இவன் தேற மாட்டான் என்ற முடிவில்தான் அப்பா அப்படிக் கேட்டார் என்பது பின்னாளில்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்தச் சிறுவன், வின்ஸ்டன் சர்ச்சில். 1896-ல் குதிரைப் படை அதிகாரியாக பெங்களூருக்கு வந்து இறங்கியவர், பிறகு இரண்டாம் உலகப் போர்க்கால பிரதமரும் ஆனார்.

இன்னொருவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். காலப்பயண இயந்திரத்தைக் கற்பனை செய்தவர். நாற்பது வயதைக் கடந்த பிறகும் நண்பர்களோடு தரையில் மண்டியிட்டு, ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாடினார். சுருள்வில் வைத்த பொம்மை பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டு, எதிராளியின் வீரர்களைச் சாய்ப்பார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரை இரண்டு அடி நகரலாம் என்றெல்லாம் விதிகள் எழுதி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே வெளியிட்டார். வீட்டில் ஆடும் போர் விளையாட்டுக்கு அடித்தளம் போட்ட புத்தகம் அது.

அதன் முடிவில் வெல்ஸ் சொல்லும் விஷயம்தான் முக்கியம். இந்தச் சின்னப் போரில் உடைந்த உடல் இல்லை, சிதைந்த ஊர் இல்லை. இதை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவர்களுக்கு, உண்மையான போர் எவ்வளவு குளறுபடியானது என்பது தானாகவே புரிந்துவிடும் என்கிறார். புத்தகம் வெளியான அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

ஒரே பொம்மை... ஒருவரை நிஜப் போருக்கு அழைத்துப்போனது, இன்னொருவரைப் போரை வெறுக்கவைத்தது!

தரையில் ஆடி, கடலில் காப்பாற்றியவர்கள்

'விளையாட்டால் என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கு 1942-ல் லிவர்பூலில் நடந்ததைச் சொல்லலாம். அட்லாண்டிக் கடலில் உணவு ஏற்றிவந்த பிரிட்டிஷ் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தொடர்ந்து மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியிடம் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவருடைய குழுவில் பெரும்பாலானோர் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள்.

அவர்கள் ஓர் அறையின் தரையையே கடலாக்கினார்கள். சாக்பீஸால் கப்பல்களின் பாதையை வரைந்தார்கள். கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று, சின்ன ஓட்டை வழியே மட்டும் பார்க்க வேண்டும். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்! இப்படித் திரும்பத் திரும்ப ஆடியதில், நீர்மூழ்கிகள் கப்பல் கூட்டத்தின் பின்பக்கமாக உள்ளே நுழைகின்றன என்பது புரிந்தது. அதை முறியடிக்கும் உத்தியும் அந்தத் தரையிலேயே பிறந்தது. ஏராளமான அதிகாரிகள் அங்கு பயிற்சி பெற்றுக் கடலுக்குத் திரும்பினார்கள்.

பொம்மை நிறுவனத்தின் விஸ்வரூபம்

போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. 1959-லிருந்து 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் பெட்டி பெட்டியாகக் குட்டிச் சிப்பாய்களை விற்றது. அவர்களோடு வளர்ந்த தலைமுறை, பெரியவர்களானதும் கைவிட மறுத்தது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் மரப்பலகை விளையாட்டுகளைச் செய்து விற்க 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1983-ல் அவர்கள் கொண்டுவந்த 'வார்ஹேமர்' கற்பனை உலகப் போர் விளையாட்டு. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. விரலளவு பொம்மைகளை விற்றே!

இதில் நம் கைவினைஞர்களுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. பீங்கானில் மிகச் சிறிய சிப்பாய்களைச் செய்வது கடினம். மண் வேகும்போது சுருங்கும். மெல்லிய துப்பாக்கி முனை உடைந்துபோகும். அதனால்தான் அவற்றைப் பிளாஸ்டிக்கிலும் வெள்ளீயக் கலவையிலும் வார்க்கிறார்கள். ஆனால் களத்துக்கு வீடு, கிணறு, மண்டபம், கோட்டைச் சுவர் எல்லாம் வேண்டுமே! கொலு பூங்காவுக்காக விருத்தாசலமும் பண்ருட்டியும் கடலூர் வண்டிப்பாளையமும் அறிந்த வேலைதான் அது.

நம்ம ஊர்ப் போர்க்களங்கள்

ஆடுவதற்கான கதையைத் தேடி வாட்டர்லூவுக்குப் போக வேண்டியதில்லை. 1760 ஜனவரி 22 வந்தவாசிப் போர், இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவைக் கலைத்தது. 1781 ஜூலை 1-ல் கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர். ஹைதரின் படை அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் கடலோர மணல்மேடுகளின் மறைவில் கூட் படையை நகர்த்தினார். கடலிலிருந்து கப்பல் பீரங்கியும் உதவியது. எண்ணிக்கை தோற்று, நிலம் ஜெயித்தது.

ஹைதர் அந்த மணல்மேட்டை முன்பே வலுவாகப் பிடித்திருந்தால்? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் போரை மேசையில் அமைத்துப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எழும். அதற்கு விடை தேட வரைபடம் வேண்டும், புத்தகம் வேண்டும், ஒரு முறை அந்த ஊருக்கே போய்ப் பார்க்கவும் தோன்றும். பொம்மையில் தொடங்கிய பலரும் வரலாற்றில் போய் நிற்பது இப்படித்தான்.

வீட்டிலேயே ஆடலாம்!

'துப்பாக்கிப் பொம்மை குழந்தையை முரடாக்காதா?' என்ற கவலை பெற்றோருக்கு வரலாம். அப்பாவோ அம்மாவோ உடன் அமர்ந்து, விதிகளோடு ஆடுவது அதற்கு நல்ல வழி. செல்போனில் சுடும்போது விழுந்தவன் மறைந்துவிடுவான். இங்கே ஒவ்வொருவனையும் நம் கையால் எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

தொடங்க, திருவிழாக் கடையில் கிடைக்கும் ஒரு பாக்கெட் சிப்பாய் போதும்.

* ஆளுக்கு 10 வீரர்கள். தரையில் நாலடிக்கு நாலடி களம். கோலப்பொடியில் ஆறு, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் துணி போட்டால் மலை. நடுவே ஒரு கிணறு.
* ஒரு முறைக்கு ஒரு ஜாண் நகரலாம், ஒரு முழம் வரை சுடலாம். அப்பா ஜாணும் பிள்ளை ஜாணும் ஒன்றல்ல. சண்டை வராமலிருக்க, பிள்ளையின் கையை அளந்து நூல் வெட்டிக்கொள்ளுங்கள்.
* லூடோ பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் எதிரி அவுட். அவர் மலைக்கோ வீட்டுக்கோ பின்னால் இருந்தால் 6 மட்டுமே செல்லும்.
* எட்டுச் சுற்று முடிவில் கிணற்றுக்கு அருகில் யாருடைய வீரர்கள் அதிகமோ, அவருக்கு வெற்றி.

வண்ணம் பூச ஆசையா? முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் உரிந்துவிடும். அடிப்பூச்சு கொடுத்து, பிறகு அக்ரிலிக் வண்ணம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் இவற்றைக் கொடுக்க வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். பழைய ஈயப் பொம்மைகள் இருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும், ஈயம் நஞ்சு. விலை உயர்ந்த வெளிநாட்டு செட்டுகளை, ஆர்வம் நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு விதி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் விழுந்தவர்களைச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கிணற்றுக்காகப் பதினான்கு பேர் என்று பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். வெல்ஸ் புத்தகம் முழுக்க எழுதியது, அந்த ஓர் எண்ணிக்கையில் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.