மெல்க் மடத்து ஆலயம்: அந்நியருக்குக் கிடைத்த இடம்

ஆஸ்திரியா நாட்டில், தன்யூப் நதிக்கரைப் பாறையின்மேல் பொன்மஞ்சள் நிறத்தில் உயர்ந்து நிற்கிறது மெல்க் துறவுமடம். 1089-ஆம் ஆண்டு இரண்டாம் லெயோபோல்டு தமது கோட்டையைப் புனித பெனடிக்ட் சபைத் துறவியருக்கு வழங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அங்கே இறைபுகழ் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இன்று நாம் காணும் ஆலயம் பரோக் கலைப்பாணியைச் சார்ந்தது. 1700-இல், 30 வயதில் மடத்தின் தலைவரான பெர்த்தோல்டு டீட்மயர், கட்டடக் கலைஞர் யாக்கோபு பிராண்ட்டவரிடம் பணியை ஒப்படைத்தார். 1702-இல் வேலை தொடங்கியது. பிராண்ட்டவர் 1726-இல் இறந்தார். அவரது உறவினர் யோசேப்பு முங்கனாஸ்ட் பணியைத் தொடர்ந்தார். 1738-இல் ஏற்பட்ட தீ விபத்தில் கோபுரங்களும் கூரைகளும் எரிந்தன. அடுத்த ஆண்டே டீட்மயரும் காலமானார். 1746-இல் ஆலயம் அருள்பொழிவு செய்யப்பட்டபோது, அதைக் கனவு கண்டவரும் இல்லை, வரைந்தவரும் இல்லை. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் அல்லவா!

பரோக் ஆலயம் கண்களுக்கு உரைக்கப்படும் மறையுரை போன்றது. பொன்னும் பளிங்கும் ஓவியமும் ஒளியும் சேர்ந்து நம் பார்வையை மேல்நோக்கி அழைத்துச் செல்கின்றன. நடுக்கூடத்து விதானத்தில் புனித பெனடிக்ட் விண்ணகம் நோக்கிச் செல்வதை ஓவியர் ரோட்மயர் தீட்டியுள்ளார். 64 மீட்டர் உயரமுள்ள குவிமாடத்தில் மூவொரு இறைவனும் புனிதர்களும் சூழ்ந்த விண்ணக எருசலேம் விரிகிறது. தலைமைப் பீடத்தில், மறைசாட்சியராக உயிர்விடுமுன் புனித பேதுருவும் பவுலும் ஒருவரிடமிருந்து ஒருவர் விடைபெறுகின்றனர். அவர்களுக்கு மேலே ஒரு பெரிய வெற்றி மகுடம். போராட்டம் கீழே, மகுடம் மேலே என்பதே அந்தப் பீடம் சொல்லும் செய்தி.

ஆனால் நம் நெஞ்சைத் தொடுவது ஒரு பக்கப் பீடம். அங்கே புனித கொலோமான் துயில்கிறார். அயர்லாந்திலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் புறப்பட்டவர் அவர் என்பது மரபு. 1012-இல் வியன்னாவுக்கு அருகிலுள்ள ஸ்டொக்கராவில் மக்கள் அவரை ஒற்றர் என்று சந்தேகித்தனர். அவர்களுடைய மொழி அவருக்குத் தெரியாததால் தம் நிலையை விளக்க இயலவில்லை. அவரைத் தூக்கிலிட்டனர். பின்னரே அவருடைய புனிதத்தை உணர்ந்தனர். 1014-இல் அவரது உடல் மெல்க்கிற்குக் கொண்டுவரப்பட்டது. 1663 வரை ஆஸ்திரியாவின் பாதுகாவலராக அவர் வணங்கப்பட்டார். அக்டோபர் 13 அவரது திருநாள்.

மண்ணுலக எருசலேமைச் சென்றடையாத அந்தப் பயணி, விண்ணக எருசலேம் தீட்டப்பட்ட குவிமாடத்தின் அருகில் இளைப்பாறுகிறார். உயிரோடு வந்தபோது அவரைக் கொன்றவர்களின் நாடு, இறந்தபின் அவருக்குப் பளிங்குப் பீடம் எழுப்பியது.

நம் ஊர்களிலும் மொழி தெரியாமல் வேலை தேடி வருவோர் உண்டு. திருப்பலியில் கடைசி வரிசையில் தனியே நிற்கும் அவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பீடம் கட்டுவது பிறகு ஆகட்டும். இந்த ஞாயிறன்று அருகில் சென்று, பெயரைக் கேட்டு, நம் பக்கத்தில் உட்கார இடம் கொடுப்போம்.