‘ஏழு வந்தே ஆகணும்!’ - லாட்டரி நோட்டில் இல்லாத ஒரு கணக்கு

சாயந்திரம் மூன்று மணி ஆனால், கோவையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பெஞ்சு மட்டும் அமைதியாகிவிடும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் செல்போன், மடியில் நீள நோட்டு. திருவனந்தபுரத்தில் கேரள லாட்டரிக் குலுக்கல் முடிந்து முதல் பரிசு எண் வந்ததும், அதன் கடைசி இலக்கத்தை நோட்டில் எழுதி வட்டம் போடுவார். ஒன்பது வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறார்.

“ஏனுங்ணா, என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏழு வந்து 24 நாள் ஆச்சு தம்பி. இனி எத்தனை நாள் ஒளிஞ்சிருக்கும்? வந்தே ஆகணும். நாளைக்கு வாளையார் போய், ஏழுல முடியற டிக்கெட்டா பார்த்து எடுத்துட்டு வரணும்.”

அவர் படிக்காதவர் இல்லை. மில்லில் ஷிஃப்ட் கணக்கு, போனஸ் கணக்கு எல்லாம் மற்றவர்களுக்கே போட்டுக் கொடுத்தவர். அவர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பத்து இலக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சம அளவில் வரவேண்டும். ஒன்று வராமலே இருந்தால் அதன் முறை நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. லட்சக்கணக்கான குடும்பங்களின் பணம் போவது இந்த ஓர் இடத்தில்தான்.

துண்டுச் சீட்டில் ஒரு சோதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பிளஸ் டூ படிக்கும் பேத்தி, 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டாள். ஒன்றை எடுப்பது, எழுதிக்கொள்வது, திரும்பப் போட்டுக் குலுக்குவது. இப்படி 30 முறை, அதாவது ஒரு மாதக் குலுக்கல்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் பத்து எண்களும் வந்தன. மூன்றாவது ஆட்டத்தில் 4 வரவே இல்லை. “டப்பாவுல 4 இருக்குதான?” என்று அவரே கொட்டிப் பார்த்தார். இருந்தது.

பேத்தி கணக்குப் போட்டாள். ஒரு குலுக்கலில் 4 வராமல் போக வாய்ப்பு 10-ல் 9. முப்பது முறையும் வராமல் போக, 0.9-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 4 சதவிகிதம். ஆனால் இது 4-க்கு மட்டும். பத்து எண்களில் ஏதாவது ஒன்று ஒரு மாதம் முழுக்கத் தலைகாட்டாமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவிகிதம். கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு ஒரு மாதம்!

அதாவது, நோட்டு போடுகிறவருக்கு ‘ரொம்ப நாளா வராத எண்’ அடிக்கடி கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அது ரகசியம் இல்லை. குலுக்கலின் இயல்பே அதுதான். 24 நாள் வராத ஏழு, 25-வது நாள் வருவதற்கான வாய்ப்பு? அதே பத்தில் ஒன்று. நேற்று வந்த எண்ணுக்கும் அதே பத்தில் ஒன்றுதான். சீட்டுக்கு நினைவு கிடையாது. நமக்குத்தான் இருக்கிறது.

ஒரு நாடே காத்திருந்த 53

இது ஒரு டீக்கடையின் கதை மட்டும் இல்லை. இத்தாலி நாட்டு லாட்டரியில் வெனிஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று ஒவ்வொரு நகரத்தின் பெயரிலும் தனித்தனிக் குலுக்கல் உண்டு. 1 முதல் 90 வரை உள்ள எண்களில் ஐந்தை எடுப்பார்கள். வெனிஸ் குலுக்கலில் 2003 மே மாதத்துக்குப் பிறகு 53 என்ற எண் வரவே இல்லை.

மக்கள் அதன் மீது கட்ட ஆரம்பித்தார்கள். வராமல் போகப் போக, பந்தயத் தொகை ஏறியது. சேமிப்பைப் போட்டார்கள், கடன் வாங்கிப் போட்டார்கள். மொத்தம் 350 கோடி யூரோவுக்கு மேல் அந்த ஓர் எண்ணின் மீது இறங்கியது. குடும்பங்கள் நொடித்தன. தற்கொலைகளும் நடந்தன. 2005 பிப்ரவரி 9 அன்று, 182 குலுக்கல்கள் காக்கவைத்த பிறகு, 53 வந்தது. அதற்குள் பலரிடம் கட்டப் பணமே இல்லை.

53 வருவதற்கான வாய்ப்பு முதல் நாளும் 18-ல் ஒன்று. 182-வது நாளும் 18-ல் ஒன்று. இடையில் கூடியது மக்களின் நம்பிக்கை மட்டும்தான்.

‘5, 6, 7, 8, 9’ வருமா?

வரிசையாக வரும் எண்களை யாரும் நம்பி எடுப்பதில்லை. “அதெப்படி அவ்வளவு அழகா வரும்?” என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 2020 டிசம்பர் 1 அன்று பவர்பால் லாட்டரியில் 5, 6, 7, 8, 9 வந்தன. கூடுதல் எண்ணாக வந்தது 10! மோசடி என்று நாடே கொந்தளித்தது. ஆனால், அந்த வரிசை வரும் வாய்ப்பும், வேறு எந்தக் கலவையான ஆறு எண்கள் வரும் வாய்ப்பும் ஒன்றேதான்.

அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த வரிசையை 20 பேர் எழுதியிருந்தார்கள். பரிசு இருபது பங்கானது. எண்களை நாமே தேர்ந்தெடுக்கும் இந்த வகை லாட்டரியில், பிறந்த தேதி, வரிசை எண் போன்றவற்றைப் பலரும் எழுதுவதால், விழுந்தாலும் பங்கு சிறுத்துவிடும். மற்றவர்கள் எழுதாத எண்ணை எழுதினால் பங்கு பெரிதாகலாம். விழும் வாய்ப்பு மட்டும் துளியும் கூடாது. கேரளா போல அச்சடித்த டிக்கெட்டில், முதல் பரிசுக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு வரிசை, ஓர் எண், ஒரே டிக்கெட்.

ஆறு சிப்பம் அரிசி

கேரள அரசு லாட்டரி 1967-ல் தொடங்கப்பட்டது. 1968 ஜனவரி 26 அன்று நடந்த முதல் குலுக்கலில் டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023-ல் அந்தப் பரிசு, வாளையாரில் டிக்கெட் வாங்கிய நம் திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்கு விழுந்தது. கொங்கு மண்டலமே அதைப் பேசியது.

அந்த ஆண்டு விற்ற டிக்கெட்டுகள் 75 லட்சத்துக்கும் மேல். 75 லட்சம் என்றால் எவ்வளவு? ஒரு கிலோ அரிசியில் சுமார் 50,000 மணிகள் என்று வைத்துக்கொள்வோம். 75 லட்சம் மணிகளுக்கு 150 கிலோ. 25 கிலோ சிப்பம் ஆறு! அவ்வளவையும் கூடத்தில் கொட்டி, ஒரே ஓர் அரிசியில் சிவப்பு மை வைத்துக் கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியை எடுங்கள். அதுதான் ஒரு டிக்கெட். பத்து டிக்கெட் வாங்கினால் பத்து மணி எடுக்கலாம், அவ்வளவே.

விழுந்தாலும் 25 கோடி முழுதாகக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவிகிதம் போனால் 22.5 கோடி. அதில் 30 சதவிகிதம் வருமான வரி போனால் 15.75 கோடி. சர்சார்ஜ், செஸ் தனி.

‘மூணு நம்பர்’ என்னும் பள்ளம்

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும், கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து நடக்கும் சட்டவிரோத ‘மூணு நம்பர்’ பல ஊர்களில் ரகசியமாக ஓடுகிறது. இதில் டிக்கெட்டும் இல்லை, ரசீதும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டுதான்.

“ஆயிரத்துல ஒண்ணுதானே? ஆயிரம் நாள் ஒரே நம்பரைக் கட்டினா ஒரு தடவை கண்டிப்பா விழும்” என்பது இங்கே புழங்கும் கணக்கு. அதுவும் தப்பு. ஆயிரம் நாள் கட்டினாலும் ஒருமுறைகூட விழாமல் போக சுமார் 37 சதவிகித வாய்ப்பு உண்டு. தினம் 60 ரூபாய் என்றால் ஆயிரம் நாளில் 60,000 ரூபாய். ஆயிரத்தில் ஒன்று விழும் ஆட்டத்தில், ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் கட்டுபவருக்குச் சமன். அப்படிக் கொடுத்தால் நடத்துபவருக்கு மிச்சம் ஏது?

சரி, வாட்ஸ்அப்பில் ‘கெஸ்ஸிங்’ நம்பர் தருகிறார்களே, சிலருக்கு விழுகிறதே? ஆயிரம் பேருக்கு ஆயிரம் வெவ்வேறு நம்பர் அனுப்பினால் யாரோ ஒருவருக்கு விழுந்தே தீரும். மறுநாள் குரூப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் அவருடையது. மற்ற 999 பேர் ஸ்கிரீன்ஷாட் போடுவதில்லை.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மூணு நம்பர் லாட்டரியில் பட்ட கடன்தான் காரணம் என்று, சாவதற்கு முன் அவரே பேசிய வீடியோ தமிழ்நாட்டையே உலுக்கியது.

கணக்கால் ஜெயித்தவர் இல்லையா?

இருக்கிறார். ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் மாண்டெல். 1992-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா லாட்டரியில், 44 எண்களிலிருந்து ஆறு எடுக்கும் ஆட்டம். சாத்தியமான வரிசைகள் மொத்தம் 70,59,052. ஒரு டிக்கெட் ஒரு டாலர். பரிசோ 2.7 கோடி டாலர். ஆகவே எல்லா வரிசைகளையும் வாங்கிவிட முடிவு செய்தார். ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, சுமார் 50 லட்சம் டிக்கெட் வாங்கியபோதே நேரம் முடிந்துவிட்டது. அதிர்ஷ்டவசமாக, ஜெயித்த டிக்கெட் அதற்குள் இருந்தது.

கவனியுங்கள். அவர்கூட எந்த எண் வரும் என்று கணிக்கவில்லை. கணிக்க முடியாது என்று தெரிந்ததால்தான் எல்லாவற்றையும் வாங்கப் பார்த்தார். அந்த ஓட்டையும் பிறகு சட்டம் போட்டு அடைக்கப்பட்டது.

நோட்டில் இல்லாத பத்தி

இவ்வளவையும் மில்காரரிடம் சொன்னேன். மறுக்காமல் கேட்டார். நோட்டைப் புரட்டினேன். தேதி, எண், வட்டம், அம்புக்குறி. ஒன்பது வருஷத்துக்கான எல்லாமும் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை.

“செலவு எங்கீங்ணா எழுதியிருக்கீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள், அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொன்னார்: “அதை அவரு எழுதமாட்டாருங்க. நான் மனசுல எழுதி வெச்சிருக்கேன். பஸ்ஸும் டிக்கெட்டுமா வாரம் 600 ரூபாய்.”

பேத்தி பெருக்கினாள். ஒன்பது வருஷத்துக்கு 2,80,800 ரூபாய். 100, 500, ஒருமுறை 5,000 என்று விழுந்தது எல்லாம் சேர்த்து 40 ஆயிரத்துச் சொச்சம். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த வருஷம் அவள் காலேஜ் சேர வேண்டும்.

மில்காரர் லாட்டரியை விட்டுவிட்டாரா? முழுக்க விடவில்லை. மாதம் ஒரு டிக்கெட் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். “சினிமாவுக்குப் போற மாதிரி நெனச்சுக்கறேன் தம்பி” என்கிறார். ஒரு மாற்றம் உண்டு. நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார், ‘போட்டது’ என்று. எழுதுவது பேத்தி.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டோ, வாட்ஸ்அப் குரூப்போ இருந்தால், சண்டை போடாதீர்கள். பத்துத் துண்டுச் சீட்டும் ஒரு டப்பாவும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காருங்கள்.

இதையும் மனதில் வையுங்கள்

* கேரள லாட்டரி அச்சடித்த டிக்கெட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனில் விற்பதாகவோ, வாங்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்ததாகவோ மெசேஜ் வந்தால் அது மோசடி. முன்பணம் அனுப்பாதீர்கள்.
* விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி கட்டத் தோன்றுவதே எச்சரிக்கை மணி. அன்றே வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.
* கடனும் மன உளைச்சலும் கழுத்தை நெரித்தால், டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.