சீன மத்திய இராணுவ ஆணையம்

மத்திய இராணுவ ஆணையம் என்பது சீனாவின் ஆயுதப் படைகளுக்குக் கட்டளையிடும் மிக உயர்ந்த அமைப்பு ஆகும். சீனாவின் மக்கள் விடுதலை இராணுவம், ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் தலைமைக்குக் கட்டுப்பட்டது. இதனால் இவ்வாணையத்தின் தலைவர் பதவி, நாட்டின் குடியரசுத் தலைவர் பதவியை விட அதிகாரம் மிக்கதாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

1927 ஆகஸ்ட் 1 அன்று நாஞ்சாங் நகரில் நடந்த ஆயுத எழுச்சியே மக்கள் விடுதலை இராணுவத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1929 டிசம்பரில் நடந்த குத்தியான் மாநாட்டில், படை கட்சிக்குக் கட்டுப்பட்டே இயங்க வேண்டும் என்ற மா சே துங்கின் கொள்கை உறுதி செய்யப்பட்டது. துப்பாக்கியைக் கட்சி ஆள வேண்டும், கட்சியைத் துப்பாக்கி ஆளக்கூடாது என்பதே இதன் சாரம்.

அமைப்பு

1982 அரசியலமைப்பின்படி, கட்சியின் ஆணையத்துடன் அரசுக்கும் ஓர் இராணுவ ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. இரண்டிலும் ஒரே நபர்களே உறுப்பினர்களாக இருப்பதால் நடைமுறையில் இவை ஒன்றே. பாதுகாப்பு அமைச்சருக்குப் படைகளை ஏவும் அதிகாரம் கிடையாது. படைப்பிரிவுகளில் தளபதிக்கு இணையாகக் கட்சியின் அரசியல் அதிகாரி ஒருவர் இருப்பார். முக்கிய முடிவுகளைக் கட்சிக் குழுவே எடுக்கும்.

தலைவர் பதவியின் வலிமை

டெங் சியாவோபிங் குடியரசுத் தலைவராகவோ பிரதமராகவோ இருந்ததில்லை. ஆயினும் 1981 முதல் 1989 வரை இவ்வாணையத்தின் தலைவராக இருந்த அவரே நாட்டின் உச்சத் தலைவராக விளங்கினார். 1989 தியனன்மென் போராட்டத்தின்போது, பொதுச் செயலாளர் சாவோ சியாங் இராணுவச் சட்டத்தை எதிர்த்தும் பயனில்லை. அவரே பதவி இழந்தார். பெய்ஜிங்கிற்குள் படையை நடத்திச் செல்ல மறுத்த 38-ஆவது படையின் தளபதி சூ சின்சியானுக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

2002-இல் பொதுச் செயலாளர் பதவியை விட்ட ஜியாங் செமின், ஆணையத்தின் தலைவர் பதவியை 2004 வரை தம்மிடமே வைத்திருந்தார். ஷி ஜின்பிங் 2012 நவம்பரில் இரு பதவிகளையும் ஒரே நேரத்தில் பெற்றார்.

தளபதிகளின் நிலை

உயர் இராணுவ அதிகாரிகள் அதிகாரப் போட்டிகளின் முடிவைத் தீர்மானித்ததுண்டு. 1976 அக்டோபரில் 'நால்வர் குழு' கைது செய்யப்பட்டதில் மார்சல் யே சியான்யிங்கின் பங்கு முக்கியமானது. எனினும் கட்சித் தலைமையின் நம்பிக்கையை இழந்த தளபதிகள் நிலைத்ததில்லை. மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தைக் குறைகூறிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் 1959-இல் நீக்கப்பட்டார். 1969-இல் மாவோவின் வாரிசாகக் கட்சி விதிகளிலேயே பெயர் பெற்ற லின் பியாவோ, 1971 செப்டம்பர் 13 அன்று நாட்டை விட்டுத் தப்பிச் செல்கையில் மங்கோலியாவில் விமான விபத்தில் இறந்தார்.

ஷி ஜின்பிங் காலத்தில் இந்நடவடிக்கைகள் பெரும்பாலும் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் நடைபெறுகின்றன. ஆணையத்தின் முன்னாள் துணைத் தலைவர் குவோ பாசியோங்கிற்கு 2016-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர்கள் வெய் பெங்கே, லி சாங்பு ஆகியோர் 2024 ஜூனிலும், துணைத் தலைவர் ஹே வெய்தோங் 2025 அக்டோபரிலும் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவின் நிலைக்குழுவில் இடம்பெற்ற கடைசிப் படைத்தளபதி லியு குவாசிங் ஆவார். அவர் 1997-இல் ஓய்வு பெற்ற பின் வேறெந்தத் தளபதிக்கும் அக்குழுவில் இடம் தரப்படவில்லை.