குடியை நிறுத்தினால் கை நடுங்குவது ஏன்?

பல ஆண்டுகளாகக் குடித்து வந்த ஒருவர், "இன்றோடு விட்டேன்" என்று சபதம் செய்கிறார். மறுநாள் காலையில் காபித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. உடல் வியர்க்கிறது. மாலையில் மீண்டும் கடைக்குப் போய்விடுகிறார். "மன உறுதி இல்லாதவர்" என்கிறது ஊர். அறிவியல் என்ன சொல்கிறது?

மாணவர்களே, ஒரு தராசை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூளையில் நரம்பணுக்களைக் கிளர்த்தும் வேதிப்பொருள்களும் உண்டு, அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. முன்னதில் முக்கியமானது குளுட்டமேட், பின்னதில் காபா. இரு தட்டுகளும் சமமாக இருந்தால் மூளை சீராக இயங்கும். மது, காபாவின் தட்டில் எடையைக் கூட்டுகிறது. அதனால்தான் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. நாள்தோறும் இப்படி எடை ஏறினால் மூளை சும்மா இருப்பதில்லை. எதிர்த் தட்டிலும் எடை சேர்த்துச் சமன் செய்துகொள்கிறது. எனவே பழைய அளவு மது இப்போது போதுவதில்லை.

மதுவைத் திடீரென எடுத்துவிட்டால்? எதிர்த் தட்டு தடாலென்று இறங்கிவிடும்! சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். பிறகு, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் சித்தக் குழப்பமும் ஏற்படலாம். இது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே நெடுநாள் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயல்வது தவறு. மருத்துவமனையில் காபாவுக்குத் துணைசெய்யும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்.

உடல் தேறுவது பாதி வழிதான். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களில் 27.3 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர், பெண்களில் 1.6 விழுக்காட்டினர். ஆனால், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டு வளர்ந்தவர் தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, உதவி கேட்பதையும் இழுக்காக நினைக்கிறார். இதனால்தான் ஆண்களுக்கான சிகிச்சையில் குழுப் பேச்சுக்குத் தனி இடம் உண்டு. கடன், கோபம், வேலையிழப்பு ஆகியவற்றை, அதே துன்பத்தைக் கடந்து வந்த வேறோர் ஆணிடம் சொல்வது எளிது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் இப்படிப் பேசத் தொடங்கியதிலிருந்துதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தரப்படுகிறது.

குடிநோய், நீரிழிவைப் போல நெடுங்காலம் கவனிக்க வேண்டிய நோய். சிகிச்சைக்குப்பின் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் பாழ் என்று பொருளன்று. மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதே பொருள்.

உங்கள் வீட்டில் யாராவது குடித்தால் அது உங்கள் குற்றமன்று. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். சாய்ந்த தராசை வசவு நிமிர்த்தாது; மருத்துவம் நிமிர்த்தும்.