உள்ளுறை தேடி – 7: பால் ஓடிய வாசல்

திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை உள்ள பத்தும், தூங்கும் பெண்களை எழுப்புகிறவை. கண்ணனைப் பார்க்கக் கிளம்பியவர்கள் நேரே நந்தகோபன் மாளிகைக்கே போயிருக்கலாமே? மார்கழிக் குளிரில் வாசல் வாசலாக நின்று, கெஞ்சியும் கேலி பேசியும் எதற்காக இத்தனை பேரை எழுப்ப வேண்டும்?

வைணவ உரைகாரர்கள் இந்தக் கேள்வியை லேசில் விடவில்லை. பகவத் அனுபவத்தைத் தனியாக உண்ணக் கூடாது, அடியார் கோஷ்டியோடுதான் போக வேண்டும் என்றார்கள். கதைக்கு அடியில் ஓடும் இத்தகைய பொருளுக்கு ஸ்வாபதேசம் என்று பெயர். பறை என்றால் கைங்கர்யம், வாயில்காப்போன் என்றால் ஆசாரியன், பத்துப் பெண்களும் பத்து ஆழ்வார்கள் என்று உபன்யாசங்களில் கேட்டிருப்பீர்கள். இந்தப் பட்டியல் மனப்பாடமானால் மட்டும் போதாது. அந்தக் கூட்டத்தில் நமக்கு எந்த இடம் என்று தேடும்போதுதான் பாசுரம் நம்முடையதாகிறது.

12ஆம் பாசுரத்தைப் பாருங்கள். அந்த வீட்டு அண்ணன் எருமைகளைக் கறக்கவில்லை. கண்ணனுக்குப் பணிவிடை செய்யப் போய்விட்டான் என்று காரணம் சொல்லி, அவனை ராமனைப் பிரியாத இலக்குவனுக்கு ஒப்பிடுகிறது உரை. மடி கனத்த எருமைகள் கன்றை நினைக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் காம்பு வழியே பால் பொழிந்து வீடெல்லாம் சேறாகிறது. வாசலில் நிற்கிற பெண்களின் தலையில் பனி கொட்டுகிறது. கீழே கால் வைக்க இடமில்லை. வாசற்கடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே பனிவெள்ளம், கீழே பால்வெள்ளம், நெஞ்சிலே கண்ணன்மேல் காதல்வெள்ளம் என்று மூன்றாகக் காட்டுகிறது வியாக்கியானம்.

3ஆம் பாசுரத்தில் குடம் நிறைக்கும் பசுக்களை ஆசாரியர்களாகக் கொள்வது மரபு. அதே வழியில் போனால் இந்த எருமைப் பால் அருளே அல்லவா? கன்று வந்து முட்டவில்லை, கறக்க ஒரு கையும் இல்லை. நினைப்பு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. 'எனக்கு என்ன தகுதி?' என்று தயங்கி ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாலுக்கு நடுவில்தான் தங்கை தூங்குகிறாள். வீடு நிறைந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வெளியே தோழிகள் நனைகிறார்கள். அவளை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. இதே பெண்கள்தான் 28ஆம் பாசுரத்தில், அறிவற்ற ஆயர் குலம் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கையோடு, அவனோடு தங்களுக்குள்ள உறவு யாராலும் அழிக்க முடியாதது என்று கண்ணன் முகத்துக்கு நேரே உரிமை பேசுகிறார்கள்.

மார்கழி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே படுத்திருக்கும் தங்கை நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு, 12ஆம் பாசுரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த வாரம், தன்மேல் சொல்லப்பட்ட குற்றத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட 15ஆம் பாசுரத்துப் பெண்ணைப் பார்ப்போம்.

(தொடரும்)